வெள்ளை லேபல்

வேலைக்குப் போடும் மஞ்சள் சட்டையை மடிக்க எடுத்தபோதுதான் கிறிஸ்ரியன் கவனித்தான்: நெஞ்சுப் பக்கம் நீல நூலால் தைத்திருந்த அவன் பெயர் அங்கே இல்லை. நூல் அறுந்து தொங்கவில்லை, ஊசி போன துளைகளும் இல்லை. பெயர் இருந்த இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையின் அடி அளவுக்கு ஒரு வட்டம், துணியின் மஞ்சளையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டதைப் போல வெளுத்து, தொட்டால் விரலில் ஒட்டும் ஈரத்தோடு இருந்தது. மூக்கருகே பிடித்துப் பார்த்தான். பழைய பசையின் புளிச்ச வாடை. அதற்கு அடியில், வெயிலில் காயும் உப்புத்தண்ணீரின் வாடை.

சலவைத்தூள் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொடியில் கிடந்த மற்றச் சட்டையை இழுத்தான். அதிலும் அதே வட்டம்.

பெண்டில் ஹில்லில் அந்த வீடு பின்னேரங்களில் ஆளில்லாமல்தான் கிடக்கும். மனைவி பற்றிமாவுக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் குசினியில் பின்னேர வேலை. மகள் டில்ஷா மெல்பேர்னில் படிக்கிறாள். பாண் ஃபாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, குலுங்கிக் குலுங்கி நொந்த இடுப்போடு வருகிறவன் நேரே போய் விழுகிற இடம் கராஜ். அங்கே கார் நின்றதே இல்லை. சீமெந்துத் தரையிலிருந்து தகரக் கூரை வரைக்கும் இசைத்தட்டுகள்தான். ஒரு கலியாண வீட்டோடு கலைந்துபோன கோஷ்டிகள், ஒரே ஒரு தட்டுப் போட்டுவிட்டு மீன்கடை வைக்கப் போனவர்கள், சொந்தப் பிள்ளைகளே கேட்டிராத பாட்டுக்காரர்கள். பேர்போன ஒருவரையும் அவன் அந்தக் கதவுக்குள் விட்டதில்லை. ஊர் உலகம் மதிக்காததை முதலில் மதித்த காது தன்னுடையது என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே செருக்கு.

அந்தச் செருக்கின் உச்சி ஒரு சின்னத் தட்டு. நடுவில் வெறும் வெள்ளைத் தாள் லேபல். அதில் பேனையால் அவனே எழுதிய பெயர்: நீலக் கதிரை.

அப்படி ஒரு குழு உலகத்தில் இருந்ததில்லை.

டூங்காபியில் தனியாக இருந்த யோகராணி அன்ரிக்குப் பழைய அலுமாரியை இறக்கிக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்தத் தட்டைக் கண்டான். தலையணை உறைக்குள் வைத்திருந்தார். கண்ணில் படலம் விழுந்த மனிசி, தட்டைத் தடவித் தடவி வெளியே எடுத்தார்.

"உப்பளத்தில கூலிக்கு நிண்ட நாலு பேர் சேந்து போட்ட ரெக்கோட் தம்பி. பாடுறது என்ர மனிசன். மாரியில உப்பு விளையாது, கடலுக்குப் போனவர். வரேல்லை. உடம்பும் வரேல்லை. கல்லறை இல்லை அந்தாளுக்கு. பேர் எழுதின இடம் எண்டு இந்த வட்டம் ஒண்டுதான்."

"என்ன பேர் அன்ரி?"

யோகராணி அன்ரி குமரிப்பிள்ளை மாதிரி வாயைப் பொத்திச் சிரித்தார். "நான் எப்பிடிச் சொல்லுறது? இந்த வாயால ஒருநாளும் சொன்னதில்லை. நீர் வாசியுமன்."

அவர் விரல் வைத்த இடத்தில், சிவப்பு லேபலில், கறுப்பு எழுத்தில் இருந்தது. அவன் வாசித்தான்.

"ஒருக்காக் கேட்டுப்போட்டுத் தாறன் அன்ரி. ரேடியோவில பேரைச் சொல்லுவிக்கிறன்."

கேட்டான். ஊசி இறங்கி மூச்சு விடுகிற நேரத்துக்குள் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அடுத்த மூச்சில் பயம் வந்தது: பெயர் தெரிந்தால் மற்றவன் தேடுவான், எங்கேயாவது இன்னொரு தட்டுக் கிளம்பும், பிறகு இது தன்னுடைய பாட்டு இல்லை. தட்டுத் தேடுகிறவர்களுக்குள் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. லேபலை நனைத்து உரித்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒட்டி, வாயில் வந்த பெயரை எழுதிவிடுவார்கள். கை கழுவும் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடித்து, வலது பெருவிரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினான். சிவப்புத் தாள் சுருண்டு சுருண்டு வந்தது. பெயர் அழுக்குத் திரிகளாய்த் துவாரத்துக்குள் போனது. எழுதுவதற்குப் பெயர் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தான். தான் இருந்த பிளாஸ்டிக் கதிரை நீலமாக இருந்தது.

யோகராணி அன்ரிக்குத் தலையணை உறைக்குள் வேறொரு தட்டை வைத்துக் கொடுத்தான். அவர் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இது அவற்ற குரல் இல்லைத் தம்பி" என்றார்.

"உங்களுக்கு வயசு போட்டுது அன்ரி. குரலெல்லாம் மறந்துபோகும்."

அவர் அவன் வலது கையைப் பிடித்து, பெருவிரல் நகத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் தடவினார்.

"சரி. நான் கேக்கேல்லை. அவர் வந்து கேப்பார்."

போன கிழமை அன்ரியை அடக்கம் செய்தார்கள். கிறிஸ்ரியன் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, வைத்த கட்லட்டும் தின்றுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைதான் சட்டையில் பெயர் காணாமல் போனது.

மறுநாள் மத்தியானம் அவனைப் போலவே தட்டுத் தேடுகிற ஸ்ட்ராத்ஃபீல்ட் ராகவேந்திராவும், பிளம்பிங் வேலை செய்கிற கபிலனும் வந்தார்கள். சனிக்கிழமை என்றால் மூன்று பேரும் கராஜில் கூடி, யார் கேட்டாலும் விளங்காத சண்டை பிடிப்பார்கள்.

"நைட்கிளப்பில வாசிச்ச கோஷ்டியளை ஒருத்தரும் மதிக்கேல்லை" என்றான் கபிலன். "குடிகாரருக்கு வாசிச்சு வாசிச்சு அவங்கட தாளம் இரும்பு."

"துருப்பிடிச்ச இரும்பு" என்றான் ராகவேந்திரா. "அந்த பி சைடெல்லாம் கேட்டிருக்கீங்களா? தூக்கத்துல வாசிச்ச மாதிரி இருக்கும். சர்ச்சுல ஹார்மோனியம் வாசிச்சவங்க திடீர்னு கிட்டார் தூக்கினாங்க பாருங்க, அவங்களைத்தான் யாரும் கண்டுக்கலை."

"உங்க ரெண்டு பேருக்கும் காது எதுக்கு? கண்ணாடி மாட்டவோ?" கிறிஸ்ரியன் வெள்ளை லேபல் தட்டை எடுத்தான். "இதைக் கேட்டாப் பிறகு கதையுங்கோ. பாட்டுக்காரன் சுமார்தான். ஆனா அந்த பேஸ் கிற்றார்..."

எப்போதும் அப்படித்தான் சொல்வான். பாட்டுக்காரன் சுமார்.

பாட்டு வந்தது. உப்பைக் குவிக்கிற பலகை இழுபடுவது போன்ற தாளம், அதற்கு மேலே அந்தக் குரல். அன்றைக்கு அது வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இருந்தது. மைக்குக்கு முன்னால் ஒருவர் நின்று பாடுவதாகப் படவில்லை. ஸ்பீக்கர் துணிக்குப் பின்னால் வாயை வைத்துப் பாடுவதாகப் பட்டது. வரிகளுக்கு நடுவே நாக்கு உதட்டை நனைப்பது கூடக் கேட்டது.

"குழுவோட உண்மையான பேரைச் சொல்லுங்களேன்" என்றான் ராகவேந்திரா. "நானும் ஒண்ணு தேடிக்கிறேன்."

"பேர் தெரிஞ்சால் ருசி போயிடும். பேர் இல்லாததுதான் அதின்ர அழகு."

"அடேங்கப்பா! யாரும் கேட்காத பாட்டு வேறங்க. நீங்க யாரையும் கேட்க விடாத பாட்டு வேற."

கபிலன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்கும்போது பாட்டும் முடிந்து, ஊசி தட்டின் கடைசிப் பள்ளத்தில் வெறுமனே சுற்றத் தொடங்கியது. வெறும் இரைச்சல்தான் வரவேண்டும். ஆனால் இரைச்சலுக்குள் இன்னொன்று இருந்தது. மெதுவாக. ஈரமாக. நகம் ஒன்று நனைந்த தாளைச் சுரண்டுகிற சத்தம். கொஞ்சம் சுரண்டியது, நின்றது, திரும்பச் சுரண்டியது.

"ஊசியில தூசியாக்கும்" என்றான் கபிலன்.

கிறிஸ்ரியன் ஊசியைத் தூக்கிவிட்டான். அந்தச் சத்தத்தை உலகத்தில் அறிந்தவன் அவன் ஒருவன்தான். பேசினுக்கு மேலே குனிந்து அவன் போட்ட சத்தம் அது.

போகும்போது ராகவேந்திரா கை கொடுத்தான். "வர்றேங்க..." வாய் திறந்தபடி நின்றது. "சாரிங்க. உங்க பேரு... சட்டுன்னு நாக்குல வர மாட்டேங்குது."

"உனக்கென்ன விசரே? இவர்..." என்று தொடங்கிய கபிலனும் நின்றுவிட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். காருக்குள் ஏறிய பிறகு, கண்ணாடிக்குள்ளிருந்து திரும்பி அவனைப் பார்த்தார்கள். அப்போது சிரிக்கவில்லை.

தெருவோரத் தபால் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ப் பலகையில் வெள்ளை வட்டம். ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

அந்தக் கிழமை முழுக்க மழை. ஃபாக்டரிக் கதவு அவன் அட்டையைக் கண்டு திறக்கவில்லை. லைசென்ஸில் படம் இருந்தது, பெயர் இருந்த இடம் நனைந்து வெளுத்திருந்தது. கூடவே நின்று வேலை செய்தவர்கள் பெயர் சொல்லாமல் "மேட்" என்றார்கள். அவர்கள் எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்களா, இப்போதுதானா என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் சுரண்டல் சத்தம் சுவருக்குள் வந்துவிட்டது. குளியலறைக் குழாயருகே கொஞ்சம். கட்டில் தலைமாட்டில் கொஞ்சம். தலையணையில் காதை வைத்தால், தலையணைக்குள்.

வியாழக்கிழமை பற்றிமா வேலைக்கு வெளிக்கிட்டு நின்றபோது வாசலை மறித்துக்கொண்டு கேட்டான்.

"இஞ்ச பாரும். என்ர பேரைச் சொல்லும்."

"இஞ்சருங்கோ, என்ன விளையாட்டு? நான் எப்ப உங்கட பேர் சொன்னனான்?"

"ஒருக்காச் சொல்லும். கும்பிட்டுக் கேக்கிறன்."

அவள் சிரித்தபடி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் கண்ணுக்குள் எதையோ தேடினாள். தேடத் தேட முகம் வெளிறியது. "பஸ் போகப்போகுது" என்று முணுமுணுத்துவிட்டு, அவன் மேல் படாமல் ஒதுங்கிக் கடந்து போனாள், தெரியாத ஆளைக் கடப்பது போல.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மனைவிக்கு இஞ்சருங்கோ. மகளுக்கு அப்பா. அவன் பெயரும் தாளில்தான் இருந்தது.

கராஜுக்கு ஓடினான். ஆனி மாதம் இங்கே குளிர்காலம், இருட்டு ஐந்தரைக்கே இறங்கியிருந்தது. தகரத்தில் மழை. பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடித்து வெள்ளை லேபலை நனைத்தான். "எழுதிவிடுறன் அன்ரி, எழுதிவிடுறன்" என்று சொல்லிக்கொண்டே உரித்தான். நீலக் கதிரை கரைந்து போனது. துடைத்து, புதுத் தாள் வெட்டி, பசை தடவி ஒட்டி, பேனையைத் திறந்தான்.

பேனை தாளில் நின்றது.

பெயர் என்ன?

சிவப்பு லேபல் ஞாபகம் இருந்தது. கறுப்பு எழுத்து ஞாபகம் இருந்தது. யோகராணி அன்ரி விரல் வைத்த இடம் ஞாபகம் இருந்தது. விரலுக்கு மேலே, வெள்ளை. யாரிடம் கேட்பது? அந்த மனிசி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் அறிய, வாசித்து மிஞ்சியிருக்கிற கண் அவனுடையது ஒன்றுதான். அதைத் துவாரத்துக்குள் கழுவி விட்டதும் அவன்தான்.

உப்பு வாடை கனத்தது. முதுகுக்குப் பின்னால் ஈரக்கால் ஒன்று சீமெந்தில் ஊன்றுவது கேட்டது. பிறகு மற்றக் கால். ஊன்றுகிற ஒவ்வொரு முறையும் கல்லுப்பு நொறுங்கியது.

திரும்பிப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டான்.

"டில்ஷா, அப்பா. அப்பாவின்ர பேர் என்ன, சொல்லு பிள்ளை. கெதியாச் சொல்லு."

மெல்பேர்னில் டிராம் மணி அடித்தது. யாரோ சிரித்தார்கள்.

"சொறி," என்றாள் அவள், மரியாதையாக. "ஹூ இஸ் திஸ்?"

தொடர்பு அறுந்தது.

தட்டு சுழன்றது. அவன் அதை மேசையில் அல்லவா வைத்திருந்தான்? யாரும் தொடாமல் ஊசி இறங்கியது. பாட்டு இல்லை. மூச்சு மட்டும். கிட்டத்தில். ஸ்பீக்கரிலும். பிடரியிலும்.

"சுமார்தான்" என்றது அந்தக் குரல். மெதுவாக. அவன் வழக்கமாகச் சொல்கிற அதே இழுவையில்.

மழை நின்றது. தட்டும் நின்றது.

நடுவில் வெள்ளைத் தாள் இல்லை. சிவப்பு லேபல். கறுப்பு எழுத்து. ஒரு பெயர். குனிந்து வாசித்தான். வாசித்த பிறகுதான் அது தன் பெயர் என்று அவனுக்குத் தெரிந்தது.

தலையில் தண்ணீர் சொட்டியது. இளஞ்சூட்டுத் தண்ணீர். நெற்றியில் வழிந்தது. இமையில். உதட்டில். கரித்தது. தோல் ஊறியது. மெத்தென்று ஊறியது.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பொறுமையான கை. உப்பில் வெடித்த விரல்கள். பெருவிரல் நகம் அவன் நெற்றியின் மேலே, மயிர் தொடங்குகிற இடத்தில், ஓரம் தேடியது.

தட்டின் நடுவில் சிவப்புத் தாளின் விளிம்பு சுருண்டு எழும்பியது.

நெற்றியிலும் ஒரு விளிம்பு எழும்பியது.