ஹேண்ட் பிரேக்கை விடாதவள்

தோமாலிஸ் குடாவை ஒட்டிய அவெலாரின் பால்பண்ணைக்கு இர்மா போய்ச் சேர்ந்தபோது காலைக் கறவை முடிந்திருந்தது. ஆனாலும் விடிந்த மாதிரியே இல்லை. கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி மேய்ச்சல் நிலத்தை மொத்தமாக விழுங்கியிருந்தது. மாடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவை செருமுவது மட்டும் கேட்டது. உப்பும் சாணமும் ஈர வைக்கோலும் கலந்த வாடை.

வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். செத்துப்போன புருஷன் வாரனின் தொப்பி மட்டும் அங்கே இருந்தது. நாற்பது வருஷம் அவள் உட்கார்ந்து வந்த சீட் அது.

பழைய கார் பைத்தியங்களில் பல தினுசு உண்டு. வாரனுக்குப் பிடித்திருந்தது விசித்திரமான பைத்தியம். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில், ஒரு மண்டபத்துக்குள்ளேயே கார் கட்டிக் காட்டினார்கள். ஜனங்கள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வாயைப் பிளந்து பார்க்க, அந்தப் பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒரு கார் புத்தம் புதிதாக உருண்டு வெளியே வரும். அப்படிப் பிறந்த கார்களில் இன்னும் எவை உயிரோடு இருக்கின்றன என்று தேடுவதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. கோழிக்கூண்டுக்குள் ஒன்று, செத்துப்போன பாதிரியாரின் கொட்டகையில் ஒன்று என்று கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக மோப்பம் பிடித்தது அவெலாரின் கொட்டகையை. அதற்குள் போன ஏப்ரலில் செத்துப்போனார், பாவி மனுஷன்.

இந்த மாதக் கடைசியில் கண்காட்சிக்கு நூறு வயது. மிச்சமிருக்கும் கார்களெல்லாம் பழைய கண்காட்சிக் குவிமாடத்தின் முன்னால் வரிசையாக நிற்கப்போகின்றன. அந்த வரிசையில் ஓர் இடத்தை வாரன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதை நிரப்பாமல் விட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் இர்மாவின் ஒரே கவலை.

அவெலார் சமையலறை வாசலில் நின்றார். எழுபதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலும் போய்விட்டன.

"வாம்மா. வாரன் ஹாலக் சம்சாரம்தானே? உங்க வீட்டுக்காரர் எங்கப்பாவுக்கு போன் போட்டுப் போட்டே எங்க உசிரை வாங்கினாரு."

"அவர் எல்லார் உசிரையும்தாங்க வாங்கினாரு. உங்கப்பா ஒரு தடவைகூடப் பேசலைன்னு கடைசி வரைக்கும் புலம்பிக்கிட்டிருந்தாரு."

"பேசியிருக்க மாட்டாரு. நானும் பேசியிருக்க மாட்டேன். நீ போன்ல அழுதியா, வைக்க மனசு வரலை."

காப்பியும் அவர்கள் வீட்டு இனிப்பு ரொட்டியும் கொடுத்தார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகை வரை வந்தார். கதவுக்குப் பத்தடி இருக்கும்போதே நின்றுவிட்டார்.

"நீங்க வரலையா?"

"முழங்கால் வலிக்குதும்மா."

பொய். இர்மாவுக்குத் தெரிந்தது. அவருக்கும் அது தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்.

"எங்க தாத்தாவோட அண்ணன் அன்செல்மு வாங்கின வண்டி. அவரும் ஓதிலியாவும் கல்யாணமான புதுசு. கண்ணு முன்னாடி கட்டினதை அப்படியே ஓட்டிக்கிட்டு வந்தாங்க. ஒரே வருஷத்துல பிரேக்கோட பல்லு தேஞ்சுபோச்சு, இழுத்தா நிக்காது. என்ஜினைக் கிளப்ப அவர் முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்துவாரு, அவ சீட்ல உட்கார்ந்து ரெண்டு கையாலயும் பிரேக்கைப் பிடிச்சுக்கணும். தினமும் அப்படித்தான்."

"நாங்களும் அப்படித்தாங்க" என்றாள் இர்மா.

"இதே மாதிரி ஒரு பனிக்காலைல, கண்ணாடில ஈரம் படிஞ்சு அவர் முகம் மறைஞ்சிருச்சாம். துடைச்சுப் பார்க்கலாம்னு ஒரே ஒரு நிமிஷம் கையை எடுத்தா. குளிருக்கு எண்ணெய் கெட்டியாகி கிளட்ச் ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. என்ஜின் பிடிச்சதும் வண்டி தானா நகர்ந்துருச்சு. அவருக்குப் பின்னாடி சுவரு."

இர்மா கொட்டகைக் கதவைப் பார்த்தாள்.

"வீட்டு ஆளுங்க ஓடிப்போய்ப் பார்த்தப்ப அவ திரும்பவும் பிரேக்கைப் பிடிச்சிருந்தாளாம். விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தாங்கன்னு தாத்தா சொல்வாரு. அந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள அவளும் போய்ட்டா." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வண்டியை எடுத்துட்டுப் போ. நாளைக்குப் பசங்க வந்து வைக்கோலை நகர்த்துவாங்க. வெளியே இழுத்துட்டு என்ன வேணாலும் பண்ணு. உள்ளே வச்சு ஹேண்டில் மட்டும் போட்டுடாதே."

"போட மாட்டேங்க."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

கொட்டகைக்குள் பனி கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து தரையோடு கிடந்தது. கார் சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் வைக்கோல் கட்டுகள் கூரை வரை. முன்னால், ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவே, ஓர் ஆள் குனிந்து நிற்கிற அளவு இடம். டார்ச்சை அடித்து என்ஜினில் வெட்டியிருந்த எண்ணைத் துடைத்தாள். வாரன் அவளுக்கு மனப்பாடம் பண்ணி வைத்திருந்த எண் வரிசைதான். கண்காட்சிக் கார்!

"கிடைச்சிருச்சுய்யா" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை உள்ளே திருப்பினாள். சீட், ஸ்டியரிங், தரை, எல்லாவற்றிலும் விரல் கனத்துக்குத் தூசி. ஹேண்ட் பிரேக் முழுக்கப் பின்னுக்கு இழுக்கப்பட்டிருந்தது. பல் தேய்ந்த பிரேக் எப்படி அங்கே நிற்கிறது?

அதன் பிடியில் மட்டும் தூசி இல்லை. தினமும் கை படுகிற இடம் போலப் பளபளத்தது.

அப்போதே வெளியே போயிருக்கலாம். ஆனால் பழைய கார் பைத்தியங்களுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஹேண்டில் போட்டு ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சுற்றினால்தான் கார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், இறுகியிருந்தால் வெறும் இரும்பு. நாளை வரை காத்திருக்க இர்மாவால் முடியவில்லை. பெட்ரோல் தொட்டியைத் திறந்து பார்த்தாள். துரு மட்டும் இருந்தது, ஒரு சொட்டு இல்லை. பெட்ரோல் இல்லாத என்ஜின் என்ன செய்துவிடும்?

ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து குனிந்து ஹேண்டிலைப் பிடித்தாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஹேண்டில் திருப்பி எகிறினால் கட்டைவிரல்தான் முதலில் உடையும் என்று வாரன் சொல்லிச் சொல்லிப் பதிந்தது. சக்கரத்துக்குக் கட்டை வைக்க மட்டும் தோன்றவில்லை. சீட்டில் ஆள் இருந்தால் கட்டை எதற்கு? அவள் வீட்டில் சீட் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

முன்னால் நிற்கிறவர் கேட்க வேண்டும், சீட்டில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் யாரும் சுற்ற மாட்டார்கள். நாற்பது வருஷப் பழக்கம் அவளை அறியாமல் வாயில் வந்தது.

"பிடிச்சிருக்கியா?"

கூரையிலிருந்து ஈரம் சொட்டியது.

"பிடிச்சிருக்கேன்."

இளம் பெண்ணின் குரல். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

இர்மாவின் கை அதற்குள் சுற்றிவிட்டது. மூளைக்கு முன்னால் பழக்கம் ஓடிவிட்டது.

என்ஜின் பிடித்தது.

கொட்டகை முழுக்க பெட்ரோல் வாடை. எங்கிருந்து வந்தது பெட்ரோல்? வண்டி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அவள் மேல் நகர்ந்தது. முதுகு சுவரில் முட்டியது. ரேடியேட்டரின் சூடு வயிற்றில் பட்டது. கத்த மூச்சு வரவில்லை.

நின்றது.

அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட முன்னால் வராமல் நின்றது. உள்ளே பிரேக் தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. யாரோ உயிரைக் கொடுத்து இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. இந்த முறை அதை யாரும் துடைக்கவில்லை.

இர்மா பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து வெளியே வந்து வைக்கோலில் விழுந்தாள். அங்கிருந்தே சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"வெளியே வந்துட்டேம்மா. நான் வந்துட்டேன். விட்டுடு."

பிரேக் அசையவில்லை.

"உன் மேல தப்பில்லை கண்ணு. எத்தனை வருஷம் பிடிச்சுக்கிட்டிருப்பே? விடு."

என்ஜின் இருமி அடங்கியது. அந்த அமைதியில், காதுக்குப் பக்கத்தில், அழுது அழுது தேய்ந்த குரல் சொன்னது.

"அவர் இன்னும் நகரலையே."

இர்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பலகையெல்லாம் பனியில் நனைந்து கறுத்திருந்தது. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், ஓர் ஆளின் அகலத்துக்கு மட்டும் காய்ந்திருந்தது.

வெளியே அவெலார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ஜின் சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அதுதானாம்மா?"

வாரன் சொல்லி வைத்த இடம் அவள் கண் முன்னால் வந்தது. குவிமாடத்தின் கீழே, வரிசையின் கடைசியில், வெறும் புல்.

"இல்லைங்க. நம்பர் வேற."

அவெலார் அவளையே பார்த்தார். "சரிம்மா" என்றார். மீதி ரொட்டியைத் துணியில் சுற்றி அவள் கையில் திணித்தார். கொட்டகைக் கதவை அவளே போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

பெட்டலூமாவில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நேராக கராஜைத் திறந்தாள். சாய்ந்த வெயில் வாரனின் கார் மீது விழுந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அதை அவள் தொடவில்லை. அவர் செத்துப்போன அன்றைக்கும் முன்னால் குனிந்து கேட்டார், அவள் பிடித்திருப்பதாகச் சொன்னாள். ஆனால் அவர் சுற்றவில்லை. "என்னய்யா, தூங்கிட்டியா? கிழவா, கை மரத்துப்போச்சு, சீக்கிரம் சுத்து" என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். பிரேக்கை விட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவர் ரேடியேட்டரில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். உடம்பு சில்லிட ஆரம்பித்திருந்தது. முன்னாடியே இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க அவளுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கை இழுத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

கண்ணாடியைத் துடைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

"பிடிச்சிருக்கேன் வாரன்" என்றாள். "விடமாட்டேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ."

தெருவில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

கார் லேசாக அசைந்தது. முன்னால், ஆளில்லாத இடத்தில், ஹேண்டில் மெல்லக் கால் சுற்று மேலேறி, அவர் எப்போதும் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் நின்றது.