கால் எட்டாத வண்டி

சேறு முதலில் வந்தது. அவன் அப்புறம்தான் வந்தான்.

மஞ்சள் சுடிதாரில், கன்னத்தில், மூக்குக் கண்ணாடியில்... ஓர் இடம் பாக்கியில்லை. ஐப்பசி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கல்லிடைக்குறிச்சி வாய்க்கால் கரையில் ஸ்கூட்டரின் பின்சக்கரம் பாதி புதைந்து நிற்க, அதை இழுத்து இழுத்து அழுகிற நிலைக்கு வந்திருந்தாள் சுகிர்தா. இப்போது இது வேறா!

"அண்ணாச்சி! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

சேற்றை வாரியடித்துவிட்டுப் போன அந்த நெட்டை பைக் சற்றுத் தள்ளி நின்றது. ஹெல்மெட் கழன்றது. ஈரத் தலைமுடி, மழிக்காத தாடை, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன இரண்டு கண்கள்... சண்டைக்கு வந்தவளுக்கு ஒரு நொடி வார்த்தை மறந்துபோனது. ஒரே ஒரு நொடிதான். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"கண்ணு முன்னாலதான் இருக்கு. இவ்வளவு சின்னச் சக்கரத்த வச்சிக்கிட்டு இங்கன ஒரு ஆளு வருவாங்கன்னு அது எதிர்பாக்கல."

"எங்க வண்டிக்கு என்ன கொறச்சல்? இந்த ஒட்டகத்த வச்சிக்கிட்டு டவுன்ல எங்கன நிப்பாட்டுதிய?"

"அதச் சொல்லுங்க..." என்று அவன் உண்மையாகவே பெருமூச்சு விட்டான். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டது.

ஏனென்றால் நேரம் அப்படி. வாய்க்காலுக்கு அப்பால் சண்முகசுந்தரி அக்காவின் மாடு விடியற்காலையிலிருந்து கன்று போட முடியாமல் தவித்துக் கொண்டிருந்தது. அக்காவின் பிழைப்பே அந்த ஒரு மாட்டில்தான் ஓடுகிறது. சுகிர்தா அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பா குற்றாலலிங்கமோ, டவுனில் ஓர் ஆபீஸ் வேலை காலியாக இருப்பதைக் கண்டுபிடித்து, மகளுடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தார். 'ஒரு தடவ கீழ விழுந்தன்னு கேள்விப்பட்டேன்னா, மறுநாளே உன்ன டவுனுக்குக் கூட்டியாந்துருவேன்' என்பது அவருடைய கட்டளை. மாட்டைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற கையைக் கோப்பு புரட்ட அனுப்பப் பார்க்கிறாரே என்று அவளுக்கு ஆற்றாமை.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது. தன் பைக்கைப் பார்த்தான். பின்னால் ஆள் ஏற வழியில்லை. எடை குறையட்டும் என்று பின்சீட்டின் மிதிகம்பியைக்கூடக் கழற்றிவிட்டிருந்தான்.

"பைக் ஓட்டத் தெரியுமா டாக்டரம்மா?"

"காலேஜ்ல ஃபிரண்டோட நூறு சிசி ஓட்டியிருக்கேன்."

"அப்ப கியர் தெரியும். இதுல ஓடும்போது ஒண்ணுமில்ல, நிக்கும்போதுதான் சங்கடம். உங்களுக்குக் கால் எட்டாது. நிப்பாட்டணும்னா ஒரு வரப்புத் திட்டுப் பக்கமா நிப்பாட்டி, ஒரு பக்கமா சரிஞ்சு ஒத்தக்கால் ஊனுங்க. சேத்துல மட்டும் பிரேக்க அமுக்கிராதிய. பைய விட்டா அதுவே போயிரும்."

முன்பின் தெரியாத ஒருத்திக்கு, பேர்கூடக் கேட்காமல், சாவியை நீட்டினான். புதைந்த ஸ்கூட்டரைத் தான் எடுத்துக் கொண்டுவருவதாகச் சொல்லி, மருந்துப்பையைப் பின்னால் கட்டிக்கொடுத்தான். அவள் எம்பி ஏறினாள். அம்மாடி... என்ன உயரம்! ஆனால் புறப்பட்ட பிறகு தெரிந்தது, அந்த உயரம் எதற்கென்று. அவளுடைய ஸ்கூட்டர் வயிறு தட்டி முனகுகிற பள்ளங்களை எல்லாம் பெரிய முன்சக்கரம் அலட்சியமாக ஏறி இறங்கியது. கரடுமுரடான டயர் சேற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு போனது.

மடங்கிக் கிடந்த கன்றின் காலை உள்ளே கைவிட்டு நிமிர்த்தி, மெல்ல மெல்ல வெளியே எடுத்தபோது சுகிர்தாவின் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. கன்று தும்மியது. தாய் திரும்பி நக்கியது. சண்முகசுந்தரி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க குலசாமி மாரி வந்திய தாயி" என்று அழுதாள். இதில் பாதி அழுகை அந்த ஆளுக்குச் சேர வேண்டியது என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள். மனசு நிறைந்து தளும்பியது. நன்றியா, வேறு ஏதாவதா... அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் கால்நடை மருந்தகத்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"பேரு கோமதிசங்கர். செல்போன் டவர் எங்கெங்க படுத்துக்கிடக்கோ, அங்கெல்லாம் போயி எழுப்பிவிடுதது நம்ம சோலி" என்றவன், ஸ்கூட்டரைத் தட்டிக் கொடுத்தான். "டாக்டரம்மா, இத ஏசினதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் காலுக்கு நடுவுல வச்சிக் கொண்டுபோனேன். எங்கம்மாக்கு நம்பவே முடியல. என் வண்டில ரெண்டு தேங்கா மாட்டக் கொக்கி கெடையாது. ரதவீதில கிளட்சப் பிடிச்சுப் பிடிச்சே எடது கை வீங்கிரும். மழைத்தண்ணி கிடக்குத தார் ரோட்டுல அந்த டயரு வேற வழுக்கும்."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு வண்டி கெடையாதா அண்ணாச்சி?"

"இருக்கு. பால்காரரு ஓட்டுத நூறு சிசி. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, எதுலயும் முழுசா கெடையாது. ஒண்ணு வேணும்னா இன்னொண்ண விடத்தான் செய்யணும்... அப்புறம் ஒரு சின்ன விண்ணப்பம். எனக்கு வீட்டுல ரெண்டு தங்கச்சி இருக்காவ. மூணாவது வேண்டாம்."

புரிய ஒரு கணம் ஆயிற்று. நெல்லைச் சீமையில் முகம் தெரியாத ஆம்பளை எல்லோரும் அண்ணாச்சிதான். மளிகைக்கடைக்காரருக்கும் அதுதான், ஆட்டோக்காரருக்கும் அதுதான். அதில் ஒருத்தன் மட்டும் வேண்டாம் என்றால்... சுகிர்தாவுக்குக் காது சூடாகிவிட்டது. அன்றிலிருந்து அவனை எப்படியும் கூப்பிடாமலே பேசக் கற்றுக்கொண்டாள். "இந்தாங்க", "கேக்குதா", "அங்கன பாருங்க" என்றே காலம் தள்ளினாள்.

வயல்பக்கமும் மலையடிவாரமும் போக வேண்டிய நாட்களில் அவன் பைக் அவளுக்கு. அவனுக்கு டவுன் பக்கம் வேலை இருந்தால் அவள் ஸ்கூட்டர். காலையில் சாவி மாறும், மாலையில் சாவி மாறும். நடுவில் ஒரு டீ. மழை பிடித்துக்கொண்டால் இரண்டு டீ. மழை பிடித்துக்கொள்ளாதா என்று சுகிர்தா வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

கார்த்திகையில் அது நடந்தது. அவன் பைக்கில் போனபோது குளத்துக்கரை ஏற்றத்தில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தாள். காலை ஊன்றினாள்... ஊன்றிய இடத்தில் தரை இல்லை. வண்டி சாய்ந்து கணுக்கால் அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு தப்பித்தது பெரிய புண்ணியம். கால் வீங்கி, அவள் தங்கியிருந்த வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்.

கோமதிசங்கர் ஓடிவந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை.

"நீங்களே சொல்லுங்க தம்பி, இதெல்லாம் இவளுக்குத் தேவையா?" என்றார் குற்றாலலிங்கம்.

"அப்பா சொல்லுததுதான் சரி" என்றான் அவன். "உங்க உயரத்துக்கு அந்த வண்டி ஆகாது, டாக்டரம்மா. இந்தப் பாதைக்கு உங்க ஸ்கூட்டர் ஆகாது. பேசாம டவுனுக்கே போயிருங்க."

கால் வலி அப்போதுதான் மறந்தது. நீயுமா? உலகமே 'உன்னால ஆகாது' என்றபோது பேர்கூடக் கேட்காமல் சாவியை நீட்டியவன்... நீயுமா?

"எனக்கு எது ஆகும், ஆகாதுன்னு நீங்க சொல்லாண்டாம்" என்றாள். குரல் நடுங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "இத்தன நாள் செஞ்ச உதவிக்கெல்லாம் ரொம்ப நன்றி, அண்ணாச்சி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மரியாதையான வார்த்தைகள்தான். முகத்தில் அறைந்து கதவைச் சாத்தியது போல இருந்தது. வாசலிறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஆனால் மற்றவர்கள் வந்தார்கள். சண்முகசுந்தரி அக்கா வெண்ணெயோடு வந்தாள். வாய்க்கால் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வாழைத்தார் தூக்கி வந்தார். வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று, "டாக்டரம்மாக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். தார் கனத்தில் திண்டாடிய அப்பா, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல வேல பாத்தேன்ட்டி. எனக்கு மேலுக்குச் சேராம, படுத்துக்கிடந்தப்ப ஒருத்தன் ஒரு வாழக்கா கொண்டாரல..." அதோடு கைகழுவ எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆபீஸ் வேலைப் பேச்சை எடுக்கவில்லை. கால் சரியானதும், டவுன் வேலைக்குச் சம்மதமில்லை என்று சுகிர்தா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். வண்டி போகிற மட்டும் ஸ்கூட்டர், அதற்கு மேல் நடை. வேறென்ன?

எல்லாம் சரியாகிவிட்டது. மாலை டீ மட்டும் இறங்கவில்லை. அந்த ஆள் தனக்காக என்னவெல்லாம் செய்தான் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழும். உடனே அவன் சொன்னது ஞாபகம் வந்து வீம்பு தலைதூக்கும். கூப்பிடலாம் என்று எடுத்த போனைப் பல தடவை கீழே வைத்தாள்.

ஒரு காலையில், சாரல் போட்டுக்கொண்டிருந்தபோது, மருந்தகத்து வேப்பமரத்தடியில் அந்த பைக் நின்றது. பக்கத்தில் அவனும் நின்றான். நனைந்துகொண்டு...

சுகிர்தா அவனைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தாள். மாட்டின் நடையில் ஓர் அங்குலம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

"வண்டிக்கு என்ன ஆச்சு? குள்ளமாயிட்டு?"

"முன்னால ஃபோர்க்க எறக்கி, பின்னால சஸ்பென்ஷன மாத்தியாச்சு. சீட் பஞ்சையும் சீவியாச்சு. வண்டி எறங்கினதுல ஸ்டாண்டு நீளமாப் போயிட்டு, அதையும் வெட்டி ஒட்டியாச்சு."

"அப்ப அடி தட்டுமே? மலைப்பாதைல உங்க டவருக்கு எப்படிப் போவிய?"

"கடைசிப் பாறைக்குக் கீழ நிப்பாட்டிட்டு நடந்து போறேன். நடந்தா என்ன, தேஞ்சா போயிருவேன்?"

அவன் காதலித்து வாங்கிய உயரம் அது. யார் கேட்டாலும் குறைக்க மாட்டேன் என்று டீ குடிக்கும்போதெல்லாம் அவனே பெருமையடித்துக்கொண்டது.

"நான் டவுனுக்குப் போகல. தெரியுமா உங்களுக்கு?"

"இல்லியே..." அவன் கண்கள் விரிந்தன. "நீங்க கெளம்புததுக்கு முன்னால ஒரு தடவ காட்டிரணும்னுதான் வந்தேன். அன்னைக்கு உங்களக் கட்டில்ல பாத்ததும் பயந்துட்டேன். என் வண்டி, நான் குடுத்த சாவி... பயத்துல வாய் என்னமோ சொல்லிட்டு. ஆகாதது நீங்க இல்ல, வண்டிதான். அதத்தான் மொதல்லயே சரி பண்ணியிருக்கணும். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு... எனக்கு உங்கள அவ்வளவு பிடிச்சிருக்கு, டாக்டரம்மா."

சாரல் கண்ணாடியை மறைத்தது. சாரல்தானா? அவள் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வலது கால் தரையைத் தொட்டது. இடது காலும் தொட்டது. முழுப்பாதமும் மண்ணில் பதிந்தது.

"எட்டுதா?" என்றான், குழந்தையைப் போல.

"எட்டுது."

"அவ்வளவுதானா? அன்னைக்குச் சொன்ன மாரி, ரொம்ப நன்றி அண்ணாச்சின்னு..."

"சொல்ல மாட்டேன்" என்றாள் சுகிர்தா. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "அன்னைக்கு உங்கள வாசலோட நிப்பாட்டணும்னு சொன்னேன். இனிமே ஆயுசுக்கும் சொல்ல மாட்டேன், சங்கர். வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்லுவாவளா?"