இரண்டாவது தட்டு

மதியக் கூட்டம் முடிந்தும் குஸ்னிமார் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. முழங்கால் இரண்டும் கெஞ்சின. விடிவதற்கு முன்னால் தேங்காய்ப்பால் பிழிய உட்கார்ந்தவள், ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறி வற்றி எண்ணெய் பிரிகிறவரை அடுப்படியை விட்டு நகரவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்கு இதெல்லாம் அதிகம்தான். அதற்காகப் போய்ப் படுத்தால் மட்டும் தூக்கம் வந்துவிடுமா என்ன?

பாயாகும்புவிலிருந்து பெக்கன்பாரு போகிற மலைச்சாலையில், வளைவுகள் தொடங்குகிற இடத்தில் இருந்தது அவளுடைய சாப்பாட்டுக்கடை. தகரக்கூரை, எட்டு மேசை, சம்பளத்துக்கு மார்லிஸ் என்கிற ஒரே ஆள். அந்தப் பக்கத்துப் பாடாங் சாப்பாட்டுக்கடைகளில் யாரும் 'என்ன வேணும்' என்று கேட்பதில்லை. உட்கார்ந்தவுடன் கறி, மீன், மரவள்ளிக்கீரை, பச்சை மிளகாய்த் துவையல் என்று இருப்பதெல்லாம் சின்னச்சின்னத் தட்டுகளில் வந்து மேசையை நிறைத்துவிடும். தொட்டது உன்னுடையது. தொடாதது திரும்பிப் போகும். அவ்வளவுதான் கணக்கு.

ஓட்டுநர்களுக்கு மட்டும் பின்பக்கம் தனி அறை. பேருந்தோடு ஆட்களைக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தானே, அவர்களுக்கு இலவசம். ஒரு வண்டிக்கு இரண்டு தட்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்று, மாற்று ஓட்டுநருக்கு ஒன்று.

அந்த அறையை அவள் பூட்டி இரண்டு வருஷமாகிறது. மழை வரும் நாட்களில் மட்டும் அவளே திறப்பாள். ஏனென்று மார்லிஸ் ஒருமுறை கேட்டான். அவள் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

அன்று மூன்றரை மணிக்கு அவளுடைய மகன் நோப்ரி வந்தான். புதுச் சட்டை, மார்பில் பேருந்துக் கம்பெனியின் பெயர்.

"அம்மா, கெடச்சிருச்சு. நாளைக்கே வண்டி. மாற்று ஓட்டுநர்தான், இருந்தாலும் பரவால்ல."

இரண்டு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று கடையில் தட்டுத் தூக்கிக்கொண்டிருந்த பிள்ளை.

"இங்கயே இருந்தா என்னடா கொறஞ்சு போச்சு?"

"எத்தனை நாளைக்கும்மா? புஸ்தாமி அண்ணன் இருந்திருந்தா செவுட்டுலயே ஒண்ணு விட்டிருப்பாரு. 'பொம்பளை மாதிரி மூலையில ஒக்காந்திருக்கியேடா'ன்னு."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. பின்னறைச் சாவி கல்லாவிலேயே கிடந்தது.

புஸ்தாமியிடம்தான் நோப்ரி தொழில் கற்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இரவு முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தவன் நோப்ரி. மதியம் கடைக்கு வந்ததும் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு விழுந்துவிட்டான். காலையிலிருந்து ஓட்டிய புஸ்தாமி சாப்பிட்டார். நல்ல மழை. கிளம்பும்போது சொன்னார்: "பயல எழுப்புங்கக்கா. எனக்குக் கண்ணு சொருகுது."

அவள் போய்ப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு, மூன்று வயதில் தூங்கிய மாதிரியே தூங்கினான். எழுப்ப மனம் வரவில்லை. திரும்பி வந்து, "அவனுக்குக் காய்ச்சல் அனலா அடிக்குது அண்ணே" என்றாள்.

"அப்படியா? பாவம், தூங்கட்டும்" என்றார் அந்த மனுஷன். முட்டைத் தேநீர் ஒன்று வாங்கிக் குடித்தார். மஞ்சள் கருவை நுரைக்க அடித்துக் கொதிக்கும் தேநீர் ஊற்றி எலுமிச்சை பிழிந்தது, தூக்கத்தை விரட்ட. அது விரட்டவில்லை. மூன்றாவது வளைவில் பேருந்து பள்ளத்தில் இறங்கியது. அவரையும் சேர்த்துப் பதினான்கு உயிர்.

மகனிடம், "அவரே உன்னை எழுப்ப வேணாம்னுட்டாருடா" என்று சொல்லிவைத்தாள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். குஸ்னிமாருக்குப் போசனத்துக்கு ஒரு குறையும் இல்லை. போனது தூக்கம்தான்.

ஏனென்றால் நாற்பதாம் நாள் மழை பெய்தது. வாசலில் ஹாரன் கேட்டது. வண்டி இல்லை. பின்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம், கிராம்பு சிகரெட் வாடை, ஈரத் துணி வாடை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு களைத்த குரல்.

"பயல் எந்திரிச்சிட்டானாக்கா?"

பயத்தில் அவள் பழைய பொய்யையே சொன்னாள். "இல்லண்ணே. தூங்குறான்."

"சரி. காத்திருக்கேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அதே கேள்வி, அதே பதில். தட்டு வைக்காவிட்டால் ஹாரன் நிற்காது. வைத்தால், முதல் தட்டுச் சோற்றில் விரல் பட்ட குழி இருக்கும், கை கழுவும் கிண்ணத்துத் தண்ணீரில் செம்மண் கலங்கியிருக்கும். இரண்டாவது தட்டை அவர் தொட்டதே இல்லை. அது நோப்ரியுடையது. அவன் தொடுவதற்காகக் காத்திருந்தது. அவன் தொட்டுவிட்டால் எந்த வண்டியில் ஏறவேண்டிவரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மழை இருட்டினாலே ஏதாவது சாக்குச் சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

தகரக்கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நோப்ரி இருந்த நாற்காலி காலி.

"மார்லிஸ், அவன் எங்க?"

"ஓட்டுநர் ஐயாவா?" மார்லிஸ் பல்லைக் காட்டினான். "முன்னால ஒக்காந்து திங்க அவர் என்ன பயணியா? தொரைக்கு ரூமைத் தொறந்து விட்டாச்சு. பரிமாறியும் ஆச்சு."

"எத்தனை தட்டு வச்ச?"

"ரெண்டு. கைப்பழக்கம்க்கா. ஒரு வண்டின்னா ரெண்டுதானே?"

வாசலில் ஹாரன் அடித்தது.

மார்லிஸுக்குக் கேட்கவில்லை. ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கெஞ்சிக்கொண்டிருந்த முழங்கால்கள் எப்படி ஓடினவோ தெரியாது. கதவைத் தள்ளினாள். அறை கிணற்றடி மாதிரி குளிர்ந்து கிடந்தது. மேசை நிறையத் தட்டுகள். நோப்ரி சுவரோரம், இரண்டாவது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மாற்று ஓட்டுநரின் இடம். பழக்கம் யாரை விட்டது?

எதிர் நாற்காலி காலி. அதன் முன்னிருந்த கிண்ணத்துத் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, இங்க யாரு சிகரெட் புடிக்கிறா?" என்று கேட்டபடியே அவன் சோற்றை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதே!"

அவன் கையைத் தட்டிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கை சோற்றை அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள். விழுங்கினாள். இன்னொரு கை. அதையும் விழுங்கினாள்.

"என்னம்மா பண்றே?"

அவள் மகனைப் பார்க்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, அவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்ல. நான் பொய் சொன்னேன். எழுப்ப மனசு வரல, எழுப்பல. பாவம் என்னோடது. தட்டை நான் தொட்டுட்டேன், பாத்துக்கங்க. ரெண்டாவது ஆளு நான்தான். அவனை விட்ருங்க."



எதிர் நாற்காலிக்கு முன்னால் மார்லிஸ் வைத்திருந்த முட்டைத் தேநீர்க் கோப்பை சாய்ந்தது. நுரை மெல்ல மெல்லக் குறைந்தது. கோப்பை நிமிர்ந்தது.

பிறகு அந்தக் குரல். கோபம் கொஞ்சமும் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அதுக்கென்னக்கா. நீங்களும் களைச்சுப் போயிருக்கீங்க. கொஞ்சம் தூங்குங்க. கெளம்பறப்ப எழுப்புறேன்."

நாற்காலி இழுபட்டது. சிகரெட் வாடை கலைந்தது.

நோப்ரியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது. ஆனால் அவன் கேட்டது குரலைப் பற்றி அல்ல.

"எனக்குக் காய்ச்சல் இல்லையாம்மா?"

"இல்லடா" என்று தலையை ஆட்டினாள்.

"என்னை எழுப்பியிருந்தா நான் ஓட்டியிருப்பேன். நான் தூங்கி எந்திரிச்சவன். பதினாலு பேரும்மா." சத்தம்கூடப் போடவில்லை அவன். "ரெண்டு வருஷமா அவர் என்மேல பாவப்பட்டு விட்டுட்டுப் போனார்னு நெனச்சு அழுதுட்டு இருந்தேன்."

மறுநாள் சாப்பிடாமலே கிளம்பிப் போனான்.

அதன்பின் வாரத்துக்கு நான்கு முறை அவனுடைய பேருந்து கடையைத் தாண்டிப் போகும். நிற்காது. ஹாரன்கூட அடிக்கமாட்டான். அவள் வாசலில் நின்று, முன் கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலை தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் போதும், உள்ளே வந்துவிடுவாள். உயிரோடு இருக்கிறான். அதற்குத்தானே இத்தனையும்?

ஆனால் அவள் தூங்கவில்லை. தூங்கினால்தானே எழுப்ப முடியும்? நாற்காலியிலேயே உட்கார்ந்து விடியவிட்டாள். கடும் காபியாகக் குடித்தாள். மார்லிஸ், "கண்ணைப் பாருங்க, ஆந்தை தோத்துச்சு" என்று கேலி செய்வான். சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இருபத்தோராம் நாள். மழையின் அறிகுறியே இல்லை, நல்ல வெயில். மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நோப்ரியின் பேருந்து வந்தது. தாண்டும்போது, முதல்முறையாக, சின்னதாக ஒரு ஹாரன்.

அவள் நெஞ்சில் இருந்த கல் கரைந்தது. கல்லாவில் வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடினாள்.

தோளை யாரோ மெதுவாக உலுக்கினார்கள்.

"எந்திரிங்கக்கா. நேரமாச்சு."

"இருடா மார்லிஸ்" என்று முனகியபடி கண்ணைத் திறந்தாள்.

மார்லிஸ் கடையின் அந்தக் கோடியில், இடது கை நெடுகப் பதினைந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றிருந்தான். அங்கிருந்தே அவளை உற்றுப் பார்த்தான்.

"என்னக்கா, தோள்ல ஈரம்?"

குனிந்து பார்த்தாள். வெளுத்த ரவிக்கையின் தோளில் நான்கு விரல்கள், செம்மண் ஈரமாகப் பதிந்திருந்தன.

வெயிலடிக்கும் காலி வாசலில் ஒரு வண்டியின் உறுமல் மட்டும் அணையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.