மிச்சம் பிடித்த சார்ஜ்

நெல்லு மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொழுவும்போதே சிவகரன் போனைப் பார்த்தான். சார்ஜ் எழுபத்தொன்று. அதன் உறையைக் கழற்றி, அலுமாரியின் மேல்தட்டில், வெக்கை படாத மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து எடுத்தபோது ஐம்பத்தெட்டு என்று காட்டியது.

ஒருவரும் தொடவில்லை. மனைவி கஜனி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்காமல் கிணற்றடி வரைக்கும் கேட்டது. பற்றறி ஓடி இறங்கினால் போனின் முதுகு சுடவேண்டும். இது குளிர்ந்திருந்தது. விரலில் ஈரம் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனான். ஊறிய வைக்கோலின் மணம்.

வேறொருவன் என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பான். சிவகரனால் முடியாது. கனடாவிலிருந்து தமக்கை அனுப்பிய நாள் முதல் அவன் அந்தப் போனை எண்பதுக்கு மேல் ஏற விட்டதில்லை, நாற்பதுக்குக் கீழ் இறங்க விட்டதில்லை. சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்ததில்லை, வெயிலில் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியின் மேல் வைத்ததில்லை. பற்றறி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அடிக்கடி பார்ப்பான். மற்றவர்களின் போன்கள் மத்தியானத்தோடு களைத்துப்போக, அவனுடையது புதுசு கணக்காய் நின்றது.

"என்ன மச்சான், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவிற மாதிரித் தடவுறாய்?" என்றான் மில்லுக்குச் சாக்குக் கொண்டுவருகிற றவூப். "கலியாணம் கட்டின புதுசில கஜனியையும் நீ இப்பிடிப் பாத்திருக்கமாட்டாய்."

"பின்னேரத்தில சும்மா இறங்குதடா."

"பழசாகுதப்பா. மனிசரே தேயிறம், பற்றறி தேயாதே?"

ஆனால் அது தேயவில்லை. தேய்மானம் காட்டும் பக்கத்தில் பற்றறி நல்ல சுகமாகத்தான் இருந்தது. சார்ஜ் இறங்குவதைக் காட்டும் மற்றப் பக்கத்தில், நாள் முழுக்கச் சரிவாக இறங்கிவந்த கோடு பொழுதுபடுகிற நேரத்தில் மட்டும் உடைந்த குளக்கட்டுப்போல நேர் கீழே விழுந்திருந்தது. நேற்றும் அப்படி. முந்தநாளும் அப்படி. சார்ஜைத் தின்றது எது என்று பார்த்தான். தொலைபேசி அழைப்பு என்றிருந்தது. அழைப்புகளின் பட்டியலைத் திறந்தால் அந்த நேரத்தில் ஒன்றுமேயில்லை.

அது எந்த நேரம் என்று அவனுக்குத் தெரியும். தெரியாதவன்போல நடந்துகொண்டான்.

போன கார்த்திகை மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டபோது கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியது. சனமெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கியிருந்தது. கரண்ட் இல்லை, எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு போனாக அணைந்துகொண்டு வந்தது. பக்கத்து வளவுக் கமலேஸ்வரி அக்கா, விளக்கு வைக்கிற நேரம் பார்த்து, நனைந்த சேலையோடு சனத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தா.

"தம்பி, ஒருக்காப் போனைத் தாங்கோ. இவர் மாடு அவிட்டுவிடவெண்டு நிண்டவர், இன்னும் வரேல்லை. வள்ளக்காரப் பெடியளுக்கு ஒரு கோல், அவ்வளவுதான்."

அவன் காற்சட்டைப் பைக்குள் போன் இருந்தது. அதில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். அடி மட்டத்துக்கு இறங்கினால் பற்றறி பழுதாகிவிடும். கரண்ட் வர நாளாகும். இவ்வளவும் அவன் மனதில் ஓடி முடிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"சார்ஜ் இல்லையக்கா. செத்துப்போச்சு."

அக்கா தலையை ஆட்டினா. "என்ன செய்யிறது, பாவம்" என்று அவனுக்காக இரங்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனா. வள்ளம் விடியத்தான் போய்ச் சேர்ந்தது. மாடுகள் எல்லாம் மேட்டில் நின்றன. அவற்றின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்ட அக்காவின் புருசன் வீரகத்தி அண்ணையை, வேலிக் கம்பியில் மாட்டியிருந்த இடத்தில்தான் கண்டெடுத்தார்கள்.

செத்தவீட்டில் அவன் பந்தல் கட்டினான், விறகு ஏற்றினான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் ஓடியோடி வேலை செய்தான். அப்படிச் செய்யச் செய்யத்தான் கூசியது. அக்கா வந்தவர்களிடமெல்லாம், "சிவகரன் தம்பி தன்ர போனில சார்ஜ் இல்லையெண்டு எவ்வளவு துடிச்சவர்" என்று சொன்னா. அந்த மாடுகளின் பாலில் தயிர் உறைய வைத்துச் சட்டியோடு கொடுத்துவிட்டா. கஜனி அதைச் சோற்றோடு வைப்பாள். அவன் வயிற்றெரிவு என்று சொல்லித் தள்ளிவைப்பான். கஜனி சட்டியை எடுத்து மூடிவைப்பாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் ஒரு தேவைக்கும் அவனுடைய போனைக் கேட்டதேயில்லை.

ஒரு கை தண்ணீர் மாதிரியான உதவி அது. அதைக் கொடுத்திருந்தால் அன்றே மறந்திருப்பான். கொடுக்காததால் நாளும் பொழுதும் சுமந்து திரிந்தான்.

ஒருநாள் பொழுதுபட, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் கட்டிலில் வைத்து, எதிரே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே கோழிகள் மரமேறிக் குறுகுறுத்து அடங்கின. வாய்க்கால் பக்கமிருந்து தவளைச் சத்தம் எழும்பியது. யன்னல் சீலையின் நிழல் சுவரில் நீண்டு நீண்டு கட்டில் காலைத் தொட்ட நேரத்தில் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. திரை ஒளிரவில்லை. மணி அடிக்கவில்லை. ஆனால் காதில் வைக்கிற சின்னத் துவாரத்திலிருந்து என்னவோ கேட்டது. கனதூரத்தில் தண்ணீர் எதையோ சுற்றிக்கொண்டு ஓடுவதுபோல. அதற்குள் ஒரு இழுப்பு. கீச்சென்று உள்ளே போய், கரகரத்து வெளியே வருகிற மூச்சு.

கட்டில் விரிப்பில், போனைச் சுற்றி, ஈரம் ஊறிப் பரவியது.

அவன் போனை அணைத்தான். சிம்மைக் கழற்றிக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அடுத்த நாள் பொழுதுபட்ட பிறகு போட்டுப் பார்த்தான். சிம் இல்லாத, அணைத்து வைத்த போனில் அதே அளவு சார்ஜ் குறைந்திருந்தது.

கஜனி கதவு நிலையில் வந்து நின்றாள். விரிப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கமலேஸ்வரி அக்காட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்னத்தை?"

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? அவாட்டைச் சொல்லுங்கோ."

அவளுக்கும் தெரியும். இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டு சோறு போட்டிருக்கிறாள். அந்த வெட்கத்தில் இரவெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் பின்னேரம், அணைத்த போனைக் காற்சட்டைப் பையிலும் சிம்மைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு அக்காவின் படலையைத் திறந்தான். வற்றாப்பளை அம்மனை மனதில் நினைத்துக்கொண்டான். நினைக்கவும் கூசியது.

அக்கா பாற்செம்போடு மாட்டுக்கொட்டிலில் இருந்து வந்தா. "வாங்கோ தம்பி, இருங்கோ. மெலிஞ்சுபோனியள், கஜனி சமைக்கிறேல்லையோ?" என்று சிரித்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து வைத்தா. பூசாத கல்லுச் சுவரில் அண்ணையின் படம். சீமெந்துத் தரை இன்னும் வெள்ளத்தின் அடையாளத்தோடு பழுப்பேறிக் கிடந்தது. மேசையில் அக்காவின் போன். யாரோ பாவித்துக் கழித்தது. ஆபத்துக்கென்று இப்போதுதான் வாங்கிவைத்திருந்தா.

"அக்கா, அண்டைக்கு..." கோப்பையைத் தள்ளிவைத்தான். "அண்டைக்கு என்ர போனில சார்ஜ் இருந்தது."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைவா, அழுவா, வெளியே போ என்று சொல்லுவா. எதுவென்றாலும் தாங்கலாம் என்றிருந்தது.

"ஓம் தம்பி. தெரியும்."

அவன் நிமிரவில்லை.

"காற்சட்டைக்குள்ளால வெளிச்சம் தெரிஞ்சது. ஆருக்குத்தான் பயமில்லை அந்த நேரம்? சனம் உங்களை ஏசக்கூடாதெண்டுதான் நான் முந்திக்கொண்டு சொல்லித் திரிஞ்சனான். குடியுங்கோ, ஆறப்போகுது."

அவன் கோப்பையை எடுத்தான். தேத்தண்ணி மடியில் சிந்தியது. வைதிருக்கலாம். அடித்திருக்கலாம்.

"நீங்கள் பின்னேரத்தில எனக்குக் கோல் எடுத்துப்போட்டுக் கதைக்காமல் இருக்கிறதும் அந்தக் கவலையிலதான் எண்டு முதல் நினைச்சன்" என்றா அக்கா. "பரவாயில்லைத் தம்பி, சாப்பிட்டியளோ எண்டெல்லாம் கேட்டனான். பிறகுதான் விளங்கிச்சு. அந்த இழுப்பு உங்களுக்கில்லையே. அது இவற்ற இழுப்பு. அதைக் கேட்டுக்கொண்டுதானே எவ்வளவு காலம் படுத்தனான்."

"நான் எடுக்கேல்லை அக்கா."

"தெரியும். உங்கட போனுக்குள்ளாலதான் வாறார்."

வெளியே ஒளி மங்கிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து சாமி விளக்கைக் கொளுத்தினா. எரிந்த குச்சியின் மணம் வந்தது. அதற்குப் பின்னால் வேறொரு மணம். சேறு.

மேசையில் போன் அடித்தது.

திரையில் அவன் பெயர்.

பையைத் தொட்டுப் பார்த்தான். அவன் போன் அங்கேதான் இருந்தது. கல்லுப்போலக் குளிர்ந்திருந்தது. காற்சட்டை நனைந்துகொண்டு வந்தது.

"எடுங்கோ தம்பி. நான் மன்னிச்சிட்டன். அவருக்கும் சொல்லிச் சொல்லிப் பாக்கிறன். இனி நீங்கள்தான் சொல்லவேணும்."

அக்காவின் போனை எடுத்துக் காதில் வைத்தான். தண்ணீர். கம்பி அதிர்கிற ஒலி. மூச்சு உள்ளே போனது, வந்தது.

"அண்ணை..." என்றான். "அண்ணை, என்னட்டைச் சார்ஜ் இருந்தது. நான் குடுக்கேல்லை."

மூச்சு நின்றது. அவன் பேசுவதைக் கேட்கிறதுபோல நின்றது. பிறகு இன்னும் பலமாக இழுத்தது. காதிலிருந்து விலக்கித் திரையைப் பார்த்தான். சார்ஜ் முப்பது. இருபத்தெட்டு. இருபத்தொன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு இறக்கம்.

பன்னிரண்டு. ஆறு.

"அக்கா, சார்ஜர் எங்க? சார்ஜர்!"

"விடுங்கோ தம்பி. முடியட்டும்."

ஒன்று.

திரை அணைந்தது.

மூச்சு நிற்கவில்லை.

போனை மேசையில் வைத்தான். மூச்சு அதிலிருந்து வரவில்லை. வாசலிலிருந்து வந்தது. அங்கே யாருமில்லை. படிக்கட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பிறகு தரையில். ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம் கிட்ட இன்னொன்று.

"ஐயோ, தோய்ஞ்சுபோய் வந்து நிக்கிறார்" என்றா அக்கா, அடுத்த வீட்டுக்குப் போய் வந்த மனுசனைக் கண்டதுபோல. உள்ளே போய்க் கொடியிலிருந்து துவாயை எடுத்துக்கொண்டு வந்தா. வெறும் வெளியில் அதைப் போட்டா.

துவாய் கீழே விழவில்லை.

அக்கா இரண்டு கையாலும் மெல்லத் துடைத்தா. துணிக்குள் ஒரு தலையின் வட்டம் எழுந்தது. நெற்றி. மூக்கு. தோள் வரைக்கும் ஈரம் கறுப்பாக ஊறி இறங்கியது.

"பிள்ளை சொல்லிப்போட்டான். ஒண்டும் செய்யாதேங்கோ, என்ன?" என்று அக்கா சொல்லிக்கொண்டே துடைத்தா. "ஒண்டும் செய்யாதேங்கோ."

துவாய் அவ கையிலிருந்து நழுவி, மெதுவாகச் சிவகரன் பக்கம் திரும்பியது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே இழுபட்டது. வெளியே தள்ளியது. உள்ளே இழுபட்டது.