லோட்டே தலையில் பூ இல்லை!

போன் அலறியது.

டிரோல் மலையடிவாரத்தின் அந்தச் சின்னப் போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கஸ்ஸியான் மட்டும்தான். மனைவியை அடக்கம் செய்த பிறகு, மாடியிலேயே ஒற்றை அறையில் குடியிருப்பு. காலையில் அவரோடு முதலில் பேசுவது பெரும்பாலும் இந்தப் போன்தான்.

"போலீஸ்!"

"சார்... என் பேரு வீப்கே. ஹாம்பர்க்லேர்ந்து சுத்திப் பார்க்க வந்திருக்கேன். மேல, பள்ளத்தாக்கு ஓரமா நடந்துட்டிருக்கேன்... ஒரு ஆம்பளை அலறின சத்தம் கேட்டுச்சு!"

கஸ்ஸியான் சிரித்துவிட்டார்.

"அம்மா, இந்த ஊர்ல அலறுறதுக்குத்தான் டிக்கெட்டே! பனிக்காலத்துல ஸ்கீ மாட்டிக்கிட்டு அலறுவாங்க. வெயில் காலத்துல பள்ளத்து மேல கம்பியில தொங்கிட்டு அலறுவாங்க!"

"இன்னைக்குக் கம்பி சவாரி இன்னும் திறக்கவே இல்லையே சார்..."

"கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்தேன்."

தனியாக இருப்பவர்களுக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். அவருக்குத் தெரியாதா? ஜன்னல் ஆடினாலே எழுந்து உட்காருகிறவர் அவர்.

"காத்தா இருக்கும்மா."

"அப்ப நானே போய்ப் பார்க்கிறேன்!"

இணைப்பு அறுந்தது.

மத்தியானம்.

ஊர்ச் சதுக்கம் நிரம்பி வழிந்தது. கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகள் வீடு திரும்பும் நாள். பீர், பொரித்த சீஸ் உருண்டை, பித்தளை வாத்தியம்... மணியோசை நெருங்கியது.

முதலில் வந்தாள் லோட்டே. மந்தையின் தலைமைப் பசு.

வாத்தியம் சட்டென்று நின்றது!

லோட்டேயின் தலை வெறுமையாக இருந்தது. இந்த நாளில் தலைமைப் பசுவுக்குச் சூட்டும் பூக்கிரீடம் இல்லை. அதன் நடுவில் வைக்கும் சிறு சிலுவையும் இல்லை.

வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

கிரீடம் இல்லாமல் மந்தை இறங்கினால் ஒரே அர்த்தம்தான்.

சாவு!

"எந்த மாடு போச்சு, கோர்பினியன்?" கஸ்ஸியான் கேட்டார்.

மந்தையை ஓட்டி வந்த கோர்பினியன் கம்பை இறுகப் பிடித்தான். மலைமேல் அவனும் அண்ணன் செவரினும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் இல்லை. பேச்சுத்துணைக்கு மாடுகள்.

"மாடு... மாடெல்லாம் வந்துடுச்சு."

"பின்ன கிரீடம் எங்க?"

"பூ கிடைக்கல..."

"நேத்து கூடை கூடையா பறிச்சீங்களேப்பா! சரி, உங்கண்ணன் எங்க?"

"பின்னால வர்றான்."

பின்னால் வெறும் புழுதிதான் வந்தது.

கஸ்ஸியான் அவன் தோளைத் தொட்டார். குரல் தணிந்தது.

"மாடு சாகலைன்னா, வீட்டு மனுஷன் செத்திருக்கணும். உனக்கு வீட்டு மனுஷன்னு இருக்கிறது ஒருத்தன்தான்..."

கம்பு கீழே விழுந்தது.

"தள்ளிட்டேன் சார்! லோட்டேக்குக் கிழடு தட்டிடுச்சு, கிரீடம் அவ மகளுக்குத்தான்னு பிடிவாதம் பிடிச்சான். கிரீடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்... தள்ளிட்டேன்... பள்ளத்துல..."

"எப்போ?"

"காலையில. ஊருக்குள்ள எப்படியாவது மறைச்சுடலாம்னுதான் நினைச்சேன். இன்னொரு கிரீடமும் இருந்துச்சு. ஆனா சாவு வீட்டு மாட்டுக்குப் பூ வைக்க... கை வரல சார்!"

"எட்டிப் பார்த்தியா?"

"பயமா இருந்துச்சு..."

காலைப் போன் கஸ்ஸியானின் நெஞ்சில் மறுபடி அலறியது.

ஆண்டவரே! என் காது அடைத்ததற்கு அவன் உயிரை எடுத்துவிடாதேயும்!

கோர்பினியனை இழுத்துக்கொண்டு ரோப்கார் நிலையத்துக்கு ஓடினார்.

அதே நேரம் ஒரு பெட்டி கீழே வந்து நின்றது. கதவு திறந்தது.

பனியில் அடிபட்டவர்களை இழுக்கும் சறுக்குக் கட்டை. அதன்மேல் ஓர் உருவம், கழுத்துவரை கம்பளி.

அசைவில்லை.

கோர்பினியன் மண்டியிட்டான். "அண்ணா...!"

"கத்தாதடா! கால்தான் உடைஞ்சிருக்கு, காது இல்ல."

செவரின்! கம்பளி விலகியது. மடியில் நசுங்கிய பூக்கிரீடம்!

பக்கத்தில் முழங்கை சிராய்ந்த ஒரு வயதான அம்மாள். அவளுடைய சால்வைதான் அவன் காலில் கட்டாக இருந்தது.

"புதர்ல மாட்டித் தொங்கிட்டிருந்தார். ரோப்கார் ஆளுங்களுக்குப் போன் பண்ணிட்டு, அவங்க வர்ற வரைக்கும் பேச்சுக் கொடுத்துட்டே இருந்தேன். அப்புறம் உங்களுக்குப் போன் பண்ணினோம், யாரும் எடுக்கல."

கஸ்ஸியான் தொப்பியைக் கழற்றினார்.

"வீப்கே அம்மா... மன்னிச்சுடுங்க. சாயங்காலம் என் வீட்டுக்கு சூப் குடிக்க வாங்க. ரெண்டு கிண்ணம் இருக்கு. ஒண்ணு ரொம்ப நாளா சும்மாவே கிடக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"செவரின், உன் தம்பி தள்ளினேன்னு ஒத்துக்கிட்டான். என்ன சொல்ற?"

செவரின் தம்பியின் அழுத முகத்தையே பார்த்தான்.

"நானே சறுக்கிட்டேன் சார். இந்த ஊருக்கு எல்லாரும் சறுக்கத்தானே வர்றாங்க!"

அப்போது லோட்டே, அவர்கள் பின்னாலேயே ஓடிவந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கையை நக்கினாள். அவளுடைய வெறுந்தலையைப் பார்த்துச் செவரின் திடுக்கிட்டான்.

"ஐயோ! யாருடா செத்தது?"

"நீதாண்ணா..."

"அடப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"