மூன்றாவது சிலிண்டர்

காலையில் வண்டியைக் கிளப்பியதுமே அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட வண்டி. அதன் தும்மலும் இருமலும் அவனுக்கு அத்துப்படி. குளிரில் கொஞ்சம் அடம் பிடிக்கும், வெள்ளைப் புகையைக் கக்கும், பிறகு சூடேறி வழிக்கு வந்துவிடும். இன்று வரவில்லை. டக், டக் என்று போய், ஓர் இடத்தில் மட்டும் தொண்டையில் எதுவோ அடைத்தாற்போல் இழுத்து, விட்டு, மறுபடி டக், டக். அந்த இழுப்பை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பழுது பார்க்கிற நாளா இது? பொழுது சாய்வதற்குள் கிளம்பியாக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் நாளைக் காலை அவன் மனைவிக்கு நுரையீரல் ஆபரேஷன். இந்தத் தேதியை வாங்க நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறான். இதைத் தவறவிட்டால் அடுத்த தேதிவரை அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவளால் பஸ்ஸில் உட்கார முடியாது. ஆம்புலன்ஸ்காரனோ, இந்தப் பனியில் ஏறி வரமாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். மிச்சம் இருந்தது இந்த வண்டி ஒன்றுதான்.

மைத்துனனைக் கூப்பிட்டான். மனைவியின் தம்பி, மெக்கானிக். நெட்டை என்றால்தான் ஊரில் தெரியும். வந்தவன் பானெட்டுக்குள் தலையை விட்டு, கண்ணை மூடிக் கொஞ்சநேரம் கேட்டான்.

"என்ன மாமா, வண்டிய வளக்கிறீங்களா, வதைக்கிறீங்களா? நாசில் ஒண்ணு அவுட்டு. டீசலப் பூ மாதிரி தூவணும். இது குழந்தை எச்சில் விடுற மாதிரி ஒழுக்குது."

"மலை ஏறுமா, மாப்ள?"

"ஏறும், நீங்களும் நானும் பின்னாடி நின்னு தள்ளினா." சிரித்தவன், உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்க வண்டிக்கும் எங்கக்காவுக்கும் ஒரே வியாதி மாமா. ரெண்டும் மூச்சு வாங்குது. நான் போய்ப் புது நாசில் எடுத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள எது செத்துச்சுன்னு பாத்து வைங்க."

நெட்டை போனதும் கொட்டகையில் பனி நுழைந்தது. வண்டியின் பின்பக்கம் வாசலைப் பார்த்து நின்றதால் புகை வெளியே போய்ப் பனியோடு கலந்து, எது பனி எது புகை என்று தெரியாமல் வாசலையே அடைத்தது. டீசல் வாடை, ஈர மண் வாடை, பழைய ரப்பர் வாடை. கொட்டகையும் உள்ளறையும் ஒரே சுவர். அந்தப் பக்கம் மனைவி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள், பக்கத்தில் மகள்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு நாசில். முனையை முதல் நாசிலின் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினான். டாக்டருக்குக் குழாய் மாதிரி டிரைவருக்கு இது. டக், டக், டக். சுத்தம். இரண்டாவது, அதுவும் சுத்தம். மூன்றாவதில் ஊன்றியதும் காதெலும்பின் வழியாக அந்த இழுப்பு வந்தது.

இரும்புச் சத்தம் இல்லை அது. ஈரமாக இருந்தது. மெல்ல உள்ளே இழுத்து, எதிலோ சிக்கி, களகளவென்று நுரைத்து, வலியோடு வெளியே வந்தது. அதன் அடியில், வெகு ஆழத்தில், முனகல் போல ஒன்று.

எங்கே கேட்டோம் என்பது இப்போது தெரிந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்துத் தலையணையில் கேட்கிற இழுப்பு.

'சுவர் வழியா வருது. வேற என்ன?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான்காவதில் வைத்துப் பார்த்தான். சுத்தம். அதுவும் அதே சுவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் வருகிற பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நல்ல நாசில் என்றால் எஞ்சின் தடுமாறும், குரல் இறங்கும். செத்த நாசில் என்றால் எஞ்சினுக்கு அது போனதே தெரியாது. முதல் நட்டைத் தளர்த்தினான், எஞ்சின் நொண்டியது. முறுக்கினான். இரண்டாவது, நொண்டியது. முறுக்கினான். மூன்றாவதில் ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் திருகு.

டீசல் சீறியது. எஞ்சின் அசையவில்லை.

ஓடுகிற டீசல் எஞ்சினைத் தாண்டிப் பக்கத்து அறையில் ஒருத்தி மூச்சுவிடுவது யாருக்கும் கேட்காது. அவனுக்கும் கேட்டிருக்கவில்லை. ஆனால் அது நின்றது கேட்டது.

"அம்மா?" சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் குரல். "அம்மா! அம்மா!"

கை தானாக நட்டை முறுக்கியது. நீளமாக, வலியோடு, ஓர் இழுப்பு. பிறகு மகள், "அப்பாடா... பயமுறுத்திட்டியேம்மா."

தற்செயல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவன் நின்றான். டீசல் விரலிடுக்கில் வழிந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். எந்தப் பாவி மனசு அதற்கு விடும்? தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் அரிப்பு.

மறுபடி ஸ்பேனரை மாட்டினான். கால் திருகு.

"அம்மா! அப்பா, ஓடி வாங்க! அம்மா மூச்சு—"

முறுக்கினான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே ஓடினான்.

மனைவி தலையணையில் சாய்ந்து, நெற்றி வியர்த்து, இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த இழுப்பு அப்போது அவனுக்குக் கோயில் மணியாகக் கேட்டது. "ஒண்ணுமில்லைங்க," என்றாள். "யாரோ நெஞ்சுல ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவ. பின்ன இறங்கிட்டாங்க." அவன் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். "வண்டி சரியாயிடுமா?"

"ஆயிடும்."

அவள் வாயோரம் ஈரம். கட்டை விரலால் துடைத்துவிட்டான். வெளியே வந்து விரலை முகர்ந்தான். டீசல். தன் கைதான் என்று நினைத்துக்கொண்டான். துடைத்தது, டீசல் படாத இடது கை.

பொழுது சாயும் நேரத்தில் நெட்டை புது நாசிலோடு வந்தான். தகரப் பெட்டியைத் திறந்து, பொன் மாதிரித் தூக்கிக் காட்டினான். "பழசத் தூக்கிட்டு இத எறக்கினா, உங்க வண்டி இல்ல மாமா, குதிரை."

"கழட்டாத."

"என்னது?"

"நான் சொல்றவரைக்கும் மூணாவதத் தொடாத. அந்தப் பைப்புல கை வைக்காத, மாப்ள."

நெட்டை அவனை ஏற இறங்கப் பார்த்தான். "மாமா, இதோட ஏத்தத்துல போனா பாதி மலையில நின்னுடும். அக்காவ வெச்சுக்கிட்டு அந்தப் பனியில..." நாசிலைக் கழற்றினால் இங்கே, கழற்றாவிட்டால் மலையில். இப்படிப் போனால் கிணறு, அப்படிப் போனால் பள்ளம். இதை வாய்விட்டு யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள்.

"நான் சொல்றேன். அப்புறம் கழட்டு."

"சரி, நீங்க சொன்னா கழட்டுறேன்," என்று நெட்டை பானெட்டுக்குள் குனிந்தான்.

நெட்டையை அங்கேயே விட்டுவிட்டு அவன் முற்றத்து மூலைக்குப் போய், தெரிந்த டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டான். ஒருவன் எடுக்கவில்லை. ஒருவன் சிரித்தான். கடைசியாக ஒருவன், மழை பெய்கிற மாதிரி இரைச்சலுக்கு நடுவே, "எங்க? எங்க போகணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது உள்ளறை ஜன்னல் திறந்தது. அதற்குள் பனி எவ்வளவு இறங்கிவிட்டது என்றால், மகளின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அப்பா! சிலிண்டர் முடிஞ்சிருச்சு! கழட்டி வேற மாத்தவா?"

ஆக்சிஜன். போனில் அந்த டிரைவர், "எங்க? எங்க?"

அவன் ஜன்னலைப் பார்த்து, "கழட்டு!" என்று கத்தினான். "கேட்டுட்டு நிக்காத, சீக்கிரம் கழட்டி மாத்து!"

"சரிப்பா!"

கொட்டகைக்குள்ளிருந்தும் ஒரு குரல் வந்தது.

"சரி மாமா!"

அவனுக்கு உறைக்க ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆயிற்று. அந்த ஒரு மூச்சு.

போன் கீழே விழுந்தது. ஓடினான். கொட்டகையில் ஸ்பேனர் கிளுக்கென்றது, சின்னதாக ஏதோ பிதுங்கி வெளியே வந்தது, "பல்லு புடுங்கின மாதிரி வந்துடுச்சு பாருங்க" என்று நெட்டை யாரிடமோ சொல்வது போலச் சொன்னான். அதே நேரம் உள்ளே மகள் அலறினாள்.

எந்தப் பக்கம் போவது? கால் உள்ளறைக்குப் போனது.

புது ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டியாகிவிட்டது. முள் நிறையக் காட்டியது. குழாயில் காற்று உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மனைவியின் வாய் திறந்திருந்தது. கண் திறந்திருந்தது. அவன் அவள் நெஞ்சில் கையை வைத்தான். ஒன்றுமில்லை. காதை வைத்தான். ஒன்றுமில்லை. மகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வெளியே நெட்டை, "அக்காவுக்கு முடியலையா? இதோ, இதோ ஆச்சு, உடனே கிளம்பிடலாம்!" என்று பதறியபடி இரும்போடு மல்லுக்கட்டுவது கேட்டது.

வேண்டாம், திரும்ப அதையே போடு என்று கத்த வாயைத் திறந்தான்.

அதற்குள் ஸ்டார்ட்டர் இழுத்தது. ஒருமுறை. இன்னொருமுறை.

எஞ்சின் பற்றிக்கொண்டது. இழுப்பு இல்லை, அடைப்பு இல்லை. வெண்ணெயாய், பட்டாய், ஒரே சீராக.

அவன் கைக்கடியில் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"கிளம்பலாமா?" என்றாள்.

மகள் அழுகையைப் பாதியில் விழுங்கி, தாயைக் கட்டிக்கொண்டாள். நெட்டை ஓடிவந்து கதவில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மனைவி குழாயைத் தானே உருவி வைத்தாள். யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். இருமவில்லை, இழுக்கவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பழசக் கொடு," என்றான் மைத்துனனிடம்.

"பழைய இரும்பு எதுக்கு மாமா?"

"கொடுடா!"

நெட்டை அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். "இன்னும் சூடு ஆறல, பாத்து." ஆறியிருக்க வேண்டும். அதைக் கழற்றும்போதே எஞ்சினை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவன் அதை டேஷ்போர்டின் மேல், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தான். துணி விலகி முனை மட்டும் தெரிந்தது.

மலை ஏறியது வண்டி. சொன்ன மாதிரியே குதிரை. மகள் பின்சீட்டில் அசந்து தூங்கிப்போனாள். வெளிச்சம் செத்து, விளக்கு விழுந்த இடத்தில் மட்டும் பனி சுவராய் நின்றது. உள்ளேயும் குளிர். அவன் விட்ட மூச்சு எதிர்க் கண்ணாடியில் புகையாகப் படிந்தது. பின்பக்கக் கண்ணாடியில் மகளின் மூச்சு படிந்தது. மனைவிக்கு எதிரே இருந்த கண்ணாடி துடைத்து வைத்த மாதிரித் தெளிவாக இருந்தது.

"இவ்வளவு சுகமா இருந்து எத்தன நாளாச்சுங்க," என்றாள். "ஆபரேஷனே வேணாம்னு சொல்லிடலாம் போலி—"

கொண்டை ஊசி வளைவு. கியர் மாற்றத் தாமதமாகி எஞ்சின் முக்கி, நிற்கப் போனது. அவள் தலை மார்பில் தொங்கியது. கண் திறந்தபடி. அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். எஞ்சின் எழுந்தது. தலை எழுந்தது.

"—ருக்கு," என்றாள்.

அவன் காலை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. பழைய நாசிலைத் திரும்ப மாட்ட வேண்டுமானால் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

அப்போதுதான் பார்த்தான். டேஷ்போர்டில், துணியில் கிடந்த பழைய நாசிலின் முனைக்கு நேரே, கண்ணாடியில் சின்னதாக ஒரு வட்டம். குழந்தை ஊதியது போல. படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது, முன்பைவிடச் சின்னதாக.

மறைந்தது.

அவன் கை சாவியில் இருந்தது. திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

படிந்தது. ஒரு பொட்டளவு.

"என்னங்க, ரோட்டப் பாக்காம எங்க பாக்கறீங்க? கண்ணாடி மங்கியிருக்கு பாருங்க," என்றாள் மனைவி. வார்த்தை வந்த வாயிலிருந்து புகை வரவில்லை. போர்வை நுனியை விரலில் சுற்றி, முன்னால் குனிந்து, அந்தப் பொட்டைத் துடைத்தாள்.

எஞ்சின் சீராக ஓடியது. அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். கண்ணாடி தெளிவாகவே இருந்தது.