கீழ்க்கோட்டுக்கும் கீழே

பனி மேல் ஓடும் ஸ்கூட்டரில் யாருமே இல்லை. ஆனால் அதன் பின்பக்கம், ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தது போலத் தாழ்ந்திருந்தது.

கொட்டகைத் தூணில் அப்பா சாக்கட்டியால் மூன்று கோடுகள் போட்டிருந்தார். வண்டியைத் தூணை ஒட்டி நிறுத்தினால் பின்பக்கக் கம்பி மேல்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், அது வெறும் வண்டி. சுன்னா ஏறினால் நடுக்கோடு. அப்பா ஏறினால் கீழ்க்கோடு. தம்பி ஆன்டே ஏறினால் கம்பி அசையவே அசையாது. தனக்கும் ஒரு கோடு வேண்டுமென்று அவன் ஒரு நாள் முழுக்க அழுதிருக்கிறான்.

இப்போது கம்பி கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது.

பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக் போய்விட்டது என்று சுன்னா நினைத்தாள். வேறென்ன நினைப்பது? நேற்று மான் மந்தையோடு இருக்கும் அப்பாவுக்குச் சாமான் கொடுத்துவிட்டு, அவர் குடிசையிலிருந்து உறைந்த ஏரி வழியாகத் திரும்பியபோதே பனி மேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அடியில் டங்கென்று இடித்தது. நாளைக்கு அப்பாவை அழைத்துவர இதே வண்டிதான். அம்மா இவாலோ ஊரில் வேலையில் இருந்தாள். ஆன்டேயைத் தனியே விட முடியாது, அவனையும் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இந்தக் குளிரில் நடு ஏரியில் வண்டி படுத்தால் அவன் தாங்க மாட்டான்.

மதியம்தான். ஆனாலும் சூரியன் வராத மாதம், வெளியே மை போல இருட்டு. கொட்டகைக் கதவில் சாய்ந்துகொண்டு ஆன்டே உலர்ந்த மான்கறியை மென்றுகொண்டிருந்தான்.

"நீ குண்டாயிட்டக்கா. அதான் வண்டி உக்காந்துருச்சு."

"போடா. உள்ள போய் டிவி பாரு."

"நேத்து எனக்கு எடமே இல்ல. உன் முதுகுல நசுங்கிக்கிட்டே வந்தேன்."

"பெட்ரோல் கேன் இருந்திருக்கும்டா."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினான். வழக்கமாக வண்டியைக் கண்டதும் தாவி ஏறும் நாய், வாசல் படிக்கு அடியிலிருந்து வெளியே வரவேயில்லை.

பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கப் பார்த்தாள். எப்போதும் ஒற்றை ஆளாகத் தூக்குபவள்தான். இன்று அசையவில்லை. தோளைக் கொடுத்தாள், அப்போதும் இல்லை. மறுபடி முயன்றபோது சட்டென்று இலவம் பஞ்சு மாதிரி வந்தது. இவள் வேலை செய்யட்டும் என்று யாரோ எழுந்து ஒதுங்கியது போல.

போல்ட்டுகளைக் கழற்றி ஷாக்கை வெளியே எடுத்தாள். ஸ்பிரிங்கைப் பிரித்து, வால்வின் மூடியைத் திறந்து ஊசியை அழுத்தினாள். உஸ்ஸென்று நைட்ரஜன் முகத்தில் அடித்தது. காற்று கசிந்து போயிருக்கவில்லை. எண்ணெயைத் தட்டில் ஊற்றினாள். கெட்டுப்போன எண்ணெய் கறுத்து, கருகிய வாடை அடிக்கும். இது தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. ரப்பர் சீலில் ஒரு கீறல்கூட இல்லை. பிரித்தது பிரித்தாயிற்றென்று சீலை மாற்றினாள், புது எண்ணெய் விட்டாள், தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்து உள்ளே சிக்கிய குமிழிகளை வெளியேற்றினாள், சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் ஏற்றினாள். தண்டை உள்ளங்கையால் அமுக்கி விட்டாள். அது நிதானமாக அவள் கையைத் திருப்பித் தள்ளியது.

ஷாக்கில் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டி வண்டியை இறக்கினாள். கம்பி மேல்கோட்டில் நின்றது. அப்பாடா என்று திரும்பி, கந்தல் துணியில் கையைத் துடைத்தாள்.

பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

ஷாக்குக்குள் எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியே பிதுங்கும் சத்தம். பெருமூச்சு மாதிரி. வண்டி சும்மா நிற்கும்போது வராது. யாராவது உட்காரும்போதுதான் வரும்.

திரும்பினாள். கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. மேல்கோடு. நடுக்கோடு. கீழ்க்கோடு. அதையும் தாண்டி ஒரு கை அகலம். சீட்டின் ரெக்சின் நடுவில் குழிந்திருந்தது. பழைய தண்ணீரின் வாடை வந்தது, பனிக்கு அடியில் பல காலம் கிடந்த தண்ணீர்.

கண்ணை எடுக்காமலே போனை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

"நேத்து இடிக்குதுன்னியே, ஷாக் பிரிச்சியாம்மா?"

"நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா வண்டி... யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இறங்குது."

"நேத்து கிளம்பும்போது நான் மந்தைக்குப் போயிருந்தேன். ஆன்டேய எப்படிக் கூப்பிட்ட?"

நேற்று குடிசை வாசலில் இன்ஜினை முடுக்கிக்கொண்டு, இருட்டைப் பார்த்து அவள் கத்தியது ஞாபகம் வந்தது. "'வா, ஏறிக்கோ'ன்னேன்."

"பேரைச் சொன்னியா?"

"அங்க வேற யாருப்பா இருந்தா? அவன் ஒருத்தன்தானே..."

"வேற யாரு இருக்கான்னு தெரியாததாலதான்டி இருட்டுல பேரைச் சொல்லிக் கூப்பிடுறது!"

நேற்று அவள் கத்தியதும் வண்டியின் பின்பக்கம் இறங்கியது. நன்றாக இறங்கியது. ஆன்டே ஏறிவிட்டான் என்று கிளம்பப் போனாள். அப்போதுதான் ஆன்டே கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டு குடிசைக்குள்ளிருந்து ஓடிவந்தான். பெட்ரோல் கேன்? அதைக் குடிசையிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஏரி முழுக்க ஆன்டேயின் முதுகுக்குப் பின்னால் அது உட்கார்ந்து வந்திருக்கிறது.

"ஆன்டே எங்க?"

"வீட்டுல."

"அவன்கிட்ட போ. பேரைச் சொல்லிக்கிட்டே போ. பேருக்குத் திரும்பினா நம்ம புள்ள. நான் யார் வண்டியிலயாவது வந்துடறேன்."

அப்போது கம்பி அசைந்தது. மெதுவாக மேலே வந்தது. கீழ்க்கோடு, நடுக்கோடு, மேல்கோடு. சீட்டின் குழி நிமிர்ந்தது. அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அப்பா! இறங்கிடுச்சுப்பா. போயிடுச்சு!"

"இறங்கி எங்க போச்சு?"

வாசலில் பனி நெரிந்தது. கனமாக. ஒவ்வொரு அடியாக. வீட்டுப் பக்கம்.

"ஆன்டே!" போனைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஆன்டே! ஆன்டே!"

பனியில் வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். நாய் ஒருதரம் ஊளையிட்டு அடங்கியது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே டிவி ஓடியது. சோபாவில் யாரும் இல்லை. பாதி கடித்த மான்கறித் துண்டு.

வெளியே வந்தாள்.

ஆன்டே கொட்டகையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அதே சிவப்புத் தொப்பி, அதே குட்டைக் கால்கள். மாடிப்படி ஏறினால்கூடச் சத்தம் வராத பையன்.

"ஆன்டே!"

திரும்பவில்லை.

வண்டி ஓட்டி ஓட்டிக் கல்லாக இறுகிய பாதை அது. அப்பா நடந்தாலும் தடம் விழாது. ஆன்டே வைத்த ஒவ்வொரு அடியிலும் அவன் பூட்ஸ் முழங்கால் வரை இறங்கியது.

"ஆன்டே... தங்கம்... ஆன்டே..."

கொட்டகை விளக்கின் அடியில் போனான். காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். பின் சீட்டில் உட்கார்ந்தான்.

பெருமூச்சு.

மேல்கோடு. நடுக்கோடு. கீழ்க்கோடு. இறங்கிக்கொண்டே போனது. புது சீல், புது எண்ணெய், முழு நைட்ரஜன். எதுவும் தாங்கவில்லை. அடியில் இரும்பும் இரும்பும் டங்கென்று மோதின.

முன் சீட்டைத் தட்டிக் காட்டினான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வா, ஏறிக்கோ."